1,040 மீட்டர் ஆழத்தில் உயிருக்குப் போராடியவர்... ஓடிவந்த பல நாட்டு குழுக்கள்! குகை ஆய்வாளர்களை இணைப்பது எது?

2023 செப்டம்பர் 2. துருக்கியின் தென்பகுதியில், மெர்சின் மாகாணத்தில் உள்ள மோர்ஜா குகைக்குள் 1,040 மீட்டர் ஆழத்தில் இருந்த அமெரிக்கர் மார்க் டிக்கிக்கு திடீரென வயிற்றுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அவருக்கு வயது 40. எழுந்து நிற்கக்கூட முடியாத நிலை. மேலே வர வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான செங்குத்துப் பாதையைக் கயிற்றில் ஏறிக் கடக்க வேண்டும்.

செய்தி வெளியே வந்ததும் ஹங்கேரி, குரோஷியா, இத்தாலி, போலந்து, பல்கேரியா என வரிசையாகக் குழுக்கள் கிளம்பின. துருக்கி குழுக்களையும் சேர்த்தால் 150-க்கும் மேற்பட்டோர். செப்டம்பர் 12-ம் தேதி நள்ளிரவு தாண்டியதும் டிக்கி உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்டார்.

வந்தவர்களில் பலர் தன்னார்வலர்கள். தாய்மொழி வேறு, நாடு வேறு. ஆனாலும் இருட்டுக்குள் ஒரே குழுவாக வேலை பார்த்தார்கள். இது எப்படி சாத்தியமானது? உலகம் முழுக்க உள்ள 'கேவர்கள்' எனப்படும் குகை ஆய்வாளர்களுக்கு நடுவே அப்படி என்ன பிணைப்பு? இதில் நம்ம மேகாலயாவுக்கு என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெலிகாப்டர் அனுப்பினால் ஆகாதா?

மலையில் ஒருவர் சிக்கினால் ஹெலிகாப்டர் போகும். கடலில் சிக்கினால் கப்பல் போகும். குகைக்குள் சிக்கினால் இரண்டுக்கும் வேலை இல்லை. பாறைக்குள் செல்போன் சிக்னல் கிடையாது, ஜி.பி.எஸ். வேலை செய்யாது. விபத்து நடந்த செய்தியே, பெரும்பாலும் கூட இருந்த ஒருவர் மணிக்கணக்கில் ஏறி வந்து சொன்னால்தான் வெளியுலகத்துக்குத் தெரியும்.

மோர்ஜா குகையின் மொத்த ஆழம் 1,276 மீட்டர். துருக்கியின் மூன்றாவது ஆழமான குகை. டிக்கி இருந்த இடத்திலிருந்து மேலே வர, நல்ல உடல்நிலையில் உள்ள அனுபவசாலிக்கே சுமார் 15 மணி நேரம் ஆகும். உள்ளே வெப்பநிலை ஒற்றை இலக்கத்தில்தான். எங்கும் ஈரம், சேறு. சில இடங்களில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பித் திருப்பி நுழைந்தால்தான் வழி. அந்த வழியாக ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்றால், சில இடுக்குகளை அகலப்படுத்தியே ஆக வேண்டும். அங்கே பாறைகளை உடைத்துதான் பாதை போட்டார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஆழமான குகைக்குள் சிக்கியவரை இன்னொரு குகை ஆய்வாளரால் மட்டும்தான் மீட்க முடியும். எவ்வளவு பெரிய ராணுவம் இருந்தாலும், குகையில் பழகிய ஆட்கள் இல்லாமல் கீழே போக முடியாது. அப்படிப்பட்ட ஆட்கள் எந்த நாட்டிலும் கொத்தாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் எல்லை தாண்டிய நட்பு இவர்களுக்குப் பொழுதுபோக்கு விஷயம் இல்லை, உயிர் காக்கும் விஷயம்.

அப்போ டிக்கியை எப்படித் தூக்கினார்கள்?

முதலில் போனது மருத்துவம். ஹங்கேரியைச் சேர்ந்த மீட்புக் குழு விரைவாகக் கீழே இறங்கியது. அதிலிருந்த மருத்துவர் குகைக்குள்ளேயே சிகிச்சை கொடுத்தார். ரத்தப் பைகளை உடையாமல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே கொண்டுபோய் ஏற்றினார்கள். டிக்கி பயணத்தைத் தாங்கும் நிலைக்கு வரும்வரை காத்திருந்தார்கள்.

அடுத்தது பங்கு பிரிப்பு. குகையின் செங்குத்துப் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. தன் பகுதிக்குள் கயிறு கட்டுவது, இடுக்குகளைச் சரிசெய்வது, ஸ்ட்ரெச்சர் வந்ததும் மேலே உள்ள குழுவிடம் ஒப்படைப்பது எல்லாம் அந்தந்தக் குழுவின் பொறுப்பு. தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கைமாற்றுவது போல. இடையிடையே முகாம்கள் போட்டு, அங்கே டிக்கிக்கு ஓய்வும் சிகிச்சையும் தரப்பட்டது. தரையிலிருந்து கீழ்வரை தொலைபேசிக் கம்பியும் இழுக்கப்பட்டது.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் விதம் சுவாரஸ்யமானது. கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் ஸ்ட்ரெச்சர். மறுமுனையில் ஒரு மீட்பு வீரர். அவர் தன் உடல் எடையையே கொடுத்துக் கீழே இறங்க, ஸ்ட்ரெச்சர் மேலே ஏறும். மோட்டார் இல்லை, கிரேன் இல்லை. ஐரோப்பிய குகை மீட்புக் குழுக்கள் இந்த முறையில் நன்றாகப் பழகியவை.

செப்டம்பர் 9-ம் தேதி தூக்கத் தொடங்கி, 12-ம் தேதி நள்ளிரவு தாண்டி மேலே வந்தார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மார்க் டிக்கி வெறும் பயணி இல்லை. அவரே குகை மீட்புப் பயிற்சியாளர். ஐரோப்பிய குகை மீட்புச் சங்கத்தோடு சேர்ந்து வேலை பார்த்தவர். மோர்ஜாவுக்கும் அவர் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. துருக்கி குழு ஒன்றுக்காகக் குகையை அளந்து மேப் போடும் சர்வதேசப் பயணத்தில்தான் இறங்கியிருந்தார். மற்றவர்களைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுத்த ஒருவர், அதே முறைகளால் காப்பாற்றப்பட்டார்.

மொழி தெரியாமல் எப்படி ஒன்றாக வேலை செய்கிறார்கள்?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், கயிறு. ஆழமான குகைகளில் உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே முறைதான்: 'சிங்கிள் ரோப் டெக்னிக்', அதாவது ஒற்றைக் கயிறு முறை. இறங்கும்போது இடுப்பில் உள்ள கருவி கயிற்றை உராய்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஏறும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பான், கையில் ஒரு பிடிப்பான். உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஒரு புழு ஊர்வது போல மேலே ஏற வேண்டும். பிரான்ஸில் பழகியவர் துருக்கியில் கட்டிய கயிற்றைப் பார்த்ததுமே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வார். யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வரைபடம். உள்ளே ஜி.பி.எஸ். இல்லாததால் கேவர்கள் கையால்தான் அளக்கிறார்கள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு சரிவு என்று மூன்று எண்கள். இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் குகையின் உருவம் கிடைக்கும். முன்பு டேப், காம்பஸ் வைத்து அளந்தார்கள். பிறகு சுவிட்சர்லாந்து கேவர் ஒருவர் சாதாரண லேசர் அளவுக் கருவிக்குள் திசையும் சரிவும் காட்டும் பாகங்களைச் சேர்த்து 'டிஸ்டோ எக்ஸ்' கருவியை உருவாக்கினார். அது புளூடூத் வழியாக செல்போனுக்கு எண்களை அனுப்பும். இலவச ஆப் ஒன்று அதைக் கோட்டோவியமாக்கும். ஒரு கேவர் உருவாக்கியது, இன்று பல நாட்டு கேவர்கள் கையில் இருக்கிறது. பள்ளம், நீரோட்டம், கல்குவியல் ஆகியவற்றை வரைய சர்வதேச ஸ்பீலியாலஜி யூனியன் ஏற்றுக்கொண்ட பொதுக் குறியீடுகளும் உண்டு. 1965-ல் இன்றைய ஸ்லோவேனியாவின் போஸ்டொய்னாவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாடு நடக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஒன்றாக இருந்த அனுபவம். ஆழமான குகைப் பயணம் என்றால் பல நாட்கள் வெயிலே பார்க்காமல் நிலத்தடி முகாமில் தங்க வேண்டும். ஒரே சின்னக் கூடாரத்துக்குள் நெருக்கியடித்துப் படுக்க வேண்டும். இன்னொருவர் கட்டிய முடிச்சில் உங்கள் உயிர் தொங்கும். அப்படி ஒரு வாரம் கழித்தவர்கள், அதற்குப் பிறகு எந்த நாட்டில் இருந்தாலும் போன் வந்தால் எடுப்பார்கள்.

இதுதான் முதல்முறையா?

இல்லை. 2014 ஜூன் மாதம் ஜெர்மனியின் ரீசெண்டிங் குகையில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு ஆய்வாளரின் தலையில் கல் விழுந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, குரோஷியா ஆகிய 5 நாடுகளைச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்டோர் மீட்பில் பங்கேற்றனர். 11 நாட்களுக்குப் பிறகு அவர் வெளியே வந்தார். மோர்ஜாவில் நடந்த பங்கு பிரிப்புக்கு இது போன்ற மீட்புகளில் கிடைத்த பாடம் பெரிதும் உதவியது.

2018 தாய்லாந்து சம்பவம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஜூன் 23-ம் தேதி தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்து பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கினர். தாய்லாந்து கடற்படை வீரர்கள் துணிச்சலானவர்கள்தான். ஆனால் திறந்த கடலில் நீந்துவதும், கண் தெரியாத சேற்று நீரில் பாறை இடுக்கில் நீந்துவதும் வேறு வேறு வேலை.

அப்போது அந்தப் பகுதியில் வசித்த வெர்ன் அன்ஸ்வொர்த் என்ற பிரிட்டிஷ் கேவர் முன்வந்தார். அந்தக் குகைக்குள் பல ஆண்டுகளாகப் போய்வந்தவர். எங்கே மேடு, எங்கே பிரிவு என்பது அவருக்குத் தெரியும். கூடவே, இந்த வேலைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். அவர் எழுதிக் கொடுத்த பெயர்களில் ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் ஆகியோரும் இருந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் ஐ.டி. துறைக்காரர். வார இறுதிகளில் தண்ணீர் நிறைந்த குகைகளில் நீந்திப் பழகியவர்கள். ஜூலை 2-ம் தேதி சிறுவர்களைக் கண்டுபிடித்தது அந்த இருவர்தான். ஆஸ்திரேலிய மயக்க மருந்து நிபுணரும் குகை நீச்சல்காரருமான ரிச்சர்ட் ஹாரிஸ் சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார். ஜூலை 10-க்குள் 13 பேரும் வெளியே வந்தனர்.

இந்த மீட்புக்கு விலையும் கொடுக்கப்பட்டது. தாய்லாந்து கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான், குகைக்குள் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது உயிரிழந்தார்.

சரி, இவ்வளவு ஆபத்தில் போய் என்னதான் தேடுகிறார்கள்?

செவ்வாய் கிரகத்தின் தரைக்கே செயற்கைக்கோள் வைத்து மேப் போட்டாகிவிட்டது. ஆனால் பூமிக்குள் இருக்கும் குகையை எந்தச் செயற்கைக்கோளாலும் படம் பிடிக்க முடியாது. ஒரு மனிதர் உள்ளே போனால்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். இதுவரை யாரும் கால் வைக்காத இடத்தை, பெரிய பணக்காரராக இல்லாத ஒரு சாதாரண மனிதரும் பார்க்க முடிகிற வாய்ப்பு இங்கேதான் மிச்சம் இருக்கிறது.

ஒரு குழு விட்ட இடத்திலிருந்து இன்னொரு குழு தொடர்வதும் இங்கே சகஜம். கருங்கடலை ஒட்டிய அப்காசியா மலைகளில் உள்ள க்ருபெரா குகையில் 1960-ல் ஜார்ஜிய ஆய்வாளர்கள் இறங்கினர். 1980-களில் உக்ரைன் கேவர்கள் தொடர்ந்தனர். 2004-ல் உக்ரைன் சங்கத்தின் குழு அங்கே 2,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது. உலகிலேயே இந்த அளவை ஒரு குகையில் தொட்டது அதுதான் முதல்முறை. முன்னால் போனவர்களின் அளவுகள் இல்லாமல் இது நடந்திருக்காது.

மேகாலயா உலக வரைபடத்தில் வந்தது எப்படி?

இந்தியாவில் இதற்குச் சரியான உதாரணம் மேகாலயா. உலகிலேயே அதிக மழை பெய்யும் மௌசின்ராம், சிரபுஞ்சி எல்லாம் அங்கேதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறும். அது சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் பாறையையே கரைத்துவிடும். மிஞ்சுவதுதான் குகை. காசி மொழியில் குகைக்கு 'க்ரெம்' என்று பெயர்.

ஷில்லாங்கைச் சேர்ந்த பிரையன் கர்ப்ரான் டேலி என்பவர் மேகாலயா சாகசப் பயணிகள் சங்கத்தின் மூலம் இந்தக் குகைகளைத் தேடத் தொடங்கினார். 1992-ல் பிரிட்டிஷ் கேவர்கள் கைகோத்தனர். பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, அயர்லாந்து என ஆட்கள் சேர்ந்தார்கள். மழை இல்லாத மாதங்களில் பயணம், மற்ற மாதங்களில் வரைபட வேலை என இது பல ஆண்டுகள் தொடர்ந்தது. குகை வாய் எங்கே என்று காட்டியது பெரும்பாலும் உள்ளூர் கிராம மக்கள். ஊர்த் தலைவரின் அனுமதி கேட்காமல் உள்ளே போவதில்லை.

பலன் என்ன தெரியுமா? 1,600-க்கும் மேற்பட்ட குகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஜெயின்டியா மலைப்பகுதியின் க்ரெம் லியாட் ப்ரா, 30 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துடன் இந்தியாவின் மிக நீளமான இயற்கைக் குகை என அறியப்பட்டது. மௌசின்ராம் பகுதியில் உள்ள க்ரெம் புரி, சுமார் 24.5 கிலோமீட்டருடன் உலகின் மிக நீளமான மணற்பாறைக் குகை என 2018-ல் அளந்து சொல்லப்பட்டது. ஜெயின்டியா மலைக் குகை ஒன்றில் சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள, பார்வையற்ற மீன்களும் கிடைத்தன. குகை மீன்களில் உலகிலேயே மிகப் பெரியவை இவை என 2019-ல் விஞ்ஞானிகள் தெரிவித்தனர்.

இதே மாநிலத்தின் மௌம்லூ குகையில், தரையிலிருந்து கூம்பு போல வளர்ந்த ஒரு சுண்ணாம்புப் படிவத்தில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய கடும் வறட்சியின் தடம் கிடைத்தது. அதை அடிப்படையாக வைத்து, பூமியின் வரலாற்றில் நாம் இப்போது வாழும் காலகட்டத்துக்கே 2018-ல் 'மேகாலயன் யுகம்' என்று பெயர் சூட்டப்பட்டது.

அதே மலைகளில் சுண்ணாம்பு, நிலக்கரிச் சுரங்கங்களும் உண்டு. ஒரு குகை அளக்கப்படாமல் இருந்தால், அது அழிந்தாலும் யாருக்கும் தெரியாது. வரைபடம் இருந்தால் மட்டுமே 'இங்கே இது இருக்கிறது, தொடாதீர்கள்' என்று வாதாட முடியும். அந்த வகையில் கேவர்கள் போட்ட மேப் ஒரு ஆதாரம்.

இந்த நட்பில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணக் குகை ஒன்றில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்கள் காணப்பட்டன. 'ஒயிட் நோஸ்' எனப்படும் இந்த நோய் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அந்தப் பூஞ்சை ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தது. மனிதர்களின் உடை, காலணி, கருவிகளில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இப்போது ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், சில இடங்களில் வெளிநாட்டில் பயன்படுத்திய கருவிகளைக் கொண்டுவரவே கூடாது என்ற விதிகள் உள்ளன.

இன்னொன்று ரகசியம். தங்களுக்குள் வரைபடங்களைப் பகிரும் கேவர்கள், சில குகைகளின் இருப்பிடத்தைப் பொதுமக்களிடம் சொல்வதில்லை. படிவங்களை உடைத்து எடுத்துப் போவதும், பயிற்சி இல்லாதவர்கள் இறங்கி விபத்தில் சிக்குவதும் நடப்பதுதான் காரணம். 'எங்க ஊர் குகையை எங்களுக்கே மறைப்பதா?' என்ற கேள்வியும் நியாயமானதுதான். மேகாலயாவில் செய்தது போல ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வது அதற்கு ஒரு பதில்.

நீங்களும் குகைக்குப் போக ஆசைப்பட்டால்...

- தனியாகப் போகவே கூடாது. அனுபவம் உள்ள உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டும் செல்லுங்கள்.
- எந்தக் குகை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வெளியே உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் உதவி கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.
- ஆளுக்குக் குறைந்தது 3 விளக்குகள். செல்போன் டார்ச் கணக்கில் வராது.
- ஹெல்மெட் கட்டாயம்.
- மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் குகைக்குள் நுழையாதீர்கள். வெளியே வெயில் அடித்தாலும், தூரத்து மலையில் பெய்த மழை உள்ளே வெள்ளமாக வரலாம்.
- படிவங்களைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்டாலே அவற்றின் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

வெளியே ஒருவரிடம் நேரம் சொல்லிவிட்டு உள்ளே போவது சாதாரண விஷயம் போலத் தெரியலாம். ஆனால் கேவர்களின் உலகம் நிற்பதே அதில்தான். நாம் திரும்பி வராவிட்டால் தேடி வர யாரோ ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர்கள் கயிற்றில் முதல் அடி வைக்கிறார்கள். அந்த யாரோ ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பது அவர்களுக்குக் கணக்கே இல்லை.